கேமராவைத் தாண்டியதும்

மஞ்சக்குப்பத்தில் அரசு அலுவலகங்களுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு டைப் அடிப்பது என் வேலை. பட்டா, முதியோர் பென்ஷன், வாரிசுச் சான்று என்று அடுத்தவர்களுக்கு எத்தனையோ அடித்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்காக அடித்தது ஒன்றே ஒன்றுதான்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையை நாலு வழியாக்கிய பிறகு எங்கள் ஊர் இரண்டாகப் பிரிந்துபோனது. இந்தப் பக்கம் வீடுகள், அந்தப் பக்கம் பால் சொசைட்டி. ஒருநாள் காலையில் பால் ஊற்றிவிட்டுத் திரும்பிய என் மாமனாரை ஒரு கார் அடித்துவிட்டது. நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது காலி கேன் தார்மேல் இன்னும் உருண்டுகொண்டிருந்தது.

காரியம் முடிந்ததும் ஊர் முழுக்கக் கையெழுத்து வாங்கி, வேகத்தைப் பிடிக்கும் கேமரா கேட்டு மனு கொடுத்தேன். அலைய வைத்தார்கள். ஆனால் வந்தது. வேகமாகப் போனால் படம் பிடித்து, அபராதம் நேராக செல்போனுக்கு வந்துவிடும். தூரத்திலேயே கம்பத்தைப் பார்த்து வண்டிகள் பிரேக் அடித்தன. அந்தச் சாலைப் பக்கமே போகாமலிருந்த என் மாமியார் மறுபடியும் பால் ஊற்றப் போனார். அதன்பிறகு எங்கள் ஊரில் யாரும் அடிபடவில்லை.

மாடியில் துணி காயப்போடும்போதுதான் அந்தச் சத்தத்தைக் கவனித்தேன். கேமராவுக்கு முன்னால் ஒவ்வொரு வண்டியும் அடங்கும். தாண்டியதும், விட்டதைப் பிடிப்பதுபோல உறுமிக்கொண்டு தெற்கே பறக்கும். எழுதவே கூசுகிறது. 'நம்ம ஊரைத் தாண்டிடுச்சே' என்றுதான் நினைத்தேன்.

சில மாதம் கழித்து ஓர் அம்மாள் கடைக்கு வந்தார். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். எங்களுக்குத் தெற்கே அடுத்த ஊர். கையில் புருஷனின் இறப்புச் சான்றிதழ்.

"பஸ் ஸ்டாப்புல நின்னுக்கிட்டிருந்தாரும்மா. ஓரமாத்தான் நின்னாரு," என்றார். "எங்களுக்கு முன்னாடி ஊர்ல ஒரு கேமரா வச்சிருக்காங்க. அதைத் தாண்டினதும் அத்தினி வண்டியும் எங்க ஊர்லதான் பறக்குது. அந்தக் கேமராவை எடுக்கச் சொல்லி எழுதுங்க."

கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன்.

"அக்கா, அதைக் கேட்டு மனு கொடுத்ததே நான்தான்."

அவர் என்னைத் திட்டவில்லை. "உங்க வூட்ல யாரு?" என்றார்.

"மாமனாரு."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப என்னதான் எழுதலாம்? நீயே சொல்லு."

உங்கள் ஊரின் தெற்கு எல்லையிலும் ஒரு கேமரா கேட்போம் என்றேன். முதல் கேமராவிலிருந்து இரண்டாவதுக்கு வந்துசேர எவ்வளவு நேரமானது என்று பார்த்தால், நடுவில் பறந்தவனும் மாட்டுவான். ஒரு டிரைவர் சொல்லி எனக்கு அது தெரிந்திருந்தது. திங்கட்கிழமை மனுநாளில் இரண்டு பேரும் சேர்ந்தே வரிசையில் நின்றோம்.

அந்தக் கேமராவும் வந்தது. ஆனால் அதற்குள் அந்த ஊரில் இன்னொருவர் போய்விட்டார். டியூஷனுக்குப் போன பெண். அக்காதான் போனில் சொன்னார்.

இப்போது இரண்டு ஊருக்கும் நடுவே வண்டிகள் ஒரே சீராகப் போகின்றன. "இப்ப நிம்மதியா ரோட்டைத் தாண்டுறோம்மா," என்கிறார் அக்கா. எனக்குத்தான் அந்தச் சத்தம் போகவில்லை. காற்று தெற்கேயிருந்து அடிக்கும் நாளில் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுகிறேன். இரண்டாவது கேமராவுக்கும் அப்பால் கேட்கிற மாதிரி இருக்கிறது. அவ்வளவு தூரம் கேட்காது என்கிறார் என் வீட்டுக்காரர்.

போன மாதம் சிதம்பரம் பஸ்ஸில் ஏறி, அக்கா ஊரையும் தாண்டி மூன்றாவது ஊரில் இறங்கினேன். அங்கே எனக்கு யாரையும் தெரியாது. டீக்கடைக்காரரிடம், "இங்க வண்டிங்கல்லாம் எப்பிடிண்ணே வருது?" என்று கேட்டேன்.

"இப்பல்லாம் வேகம் ஜாஸ்திதான். ஏன், நீங்க யாரு?" என்றார்.

டீயைக் குடிக்காமலே, எதிரே சாலையைத் தாண்ட நின்றிருந்த இரண்டு பெண்கள் அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.