மந்தையிலிருந்து இறங்கிய பந்து

மொரப்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்க் கால்பந்து கிளப் எப்படி ஆரம்பித்தது என்று கேட்டால், இன்றைக்கு ஆளாளுக்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். வாசகசாலையில் தேங்காய் உடைத்து ஆரம்பித்தோம் என்கிறார் ஒருவர். அவர் அப்போது பிறக்கவே இல்லை. முதல் ஆட்டத்தில் கோல் காத்தவன் நான். கதை விடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

யுத்தத்துக்கு முந்தைய காலம். மொரப்பூர் ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்த புக்கிங் கிளார்க், திருச்சிப் பக்கத்து ஆள், தன் பெட்டி படுக்கையோடு ஒரு தோல்பந்தையும் கொண்டுவந்தார். கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காலி இடம் இருந்தது. ஜல்லியைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, சாயங்காலங்களில் அங்கே உதைக்க ஆரம்பித்தோம். ஸ்டேஷன் ஆட்கள் சிலர், ராகிக் காட்டிலிருந்து கால் கழுவாமல் நேரே வந்த என்னைப் போன்ற சிலர். யார் காலிலும் பூட்ஸ் கிடையாது.

அதில் ஒருவன் தண்டவாளத்தில் வேலை செய்த கேங்மேன். என் வயதுதான். ஓடைக்கு அந்தப் பக்கம், ஊருக்கு வெளியே குடியிருந்தவன். அந்தக் குடியிருப்பு ஆட்கள் எங்கள் தெருவில் செருப்புப் போட்டு நடக்கக்கூடாது, கோவிலுக்கு முன்னால் இருக்கும் ஊர்ப் பொட்டலான மந்தையில் கால் வைக்கவே கூடாது. ஆனால் ஷெட்டுக்குப் பின்னால் இருந்தது ரயில்வே நிலம். ஊர்க்கட்டு அங்கே செல்லாது.

அவன் எனக்கு முன்னால் நின்று தடுத்தால் என் வேலை பாதியாகிவிடும். பந்து பறந்து வரும்போது மரியாதை சொல்லிக்கொண்டிருக்க நேரம் ஏது? "டேய், வெளிய வாடா!" என்று கத்துவான், நானும் கோலை விட்டு வெளியே பாய்வேன். ஆட்டம் முடிந்து லெவல் கிராஸிங்கைத் தாண்டியதும், "வரேனுங்க" என்று சொல்லி ஓரமாக ஒதுங்கி நடப்பான். இதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு நாளும் பேசியதில்லை.

ஒரு கோடையில் தருமபுரி டீம் ஒன்று எங்களோடு ஆட வருவதாகச் சொல்லி அனுப்பியது. என் பெரியப்பாதான் ஊர்க்கவுண்டர். டவுன்காரர்கள் நம் பையன்களோடு மோத வருகிறார்கள் என்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. மாரியம்மன் கோவிலுக்கு எதிரே இருக்கும் மந்தையில் ஆடச் சொல்லி, அவரே தண்டோராவும் போடச் சொல்லிவிட்டார். நாங்கள் யாரைச் சேர்த்துக்கொண்டு ஆடுகிறோம் என்பது அவருக்குத் தெரியாது. மந்தையில் யார் கால் வைக்கக்கூடாது என்பது கிளார்க்குக்குத் தெரியாது. நான் ஓடிப்போய்க் கிளார்க்கிடம் விஷயத்தைச் சொல்வதற்குள் ஊர் முழுக்கத் தண்டோரா சத்தம் கேட்டு முடிந்துவிட்டது.

கிளார்க் முகம் சுருங்கியது. "டீம்னா டீம்தான், யாரையும் கழிக்க முடியாது" என்றார். நான் ஓடையைத் தாண்டிக் கேங்மேன் வீட்டுக்குப் போனேன்.

"நான் வரலீங்க. பத்துப் பேரா ஆடிக்கங்க" என்றான்.

"நீ வரலைன்னா நான் பந்தைப் பொறுக்கியே செத்துருவேன். வா, பாத்துக்கலாம்."

அவன் அம்மா வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கூலிக்குப் போனது என் பெரியப்பா காட்டுக்குத்தான். பாத்துக்கலாம் என்று நான் சொன்னேனே தவிர, எதைப் பார்த்துக்கொள்வது என்று எனக்கே தெரியவில்லை.

அந்த நாளும் வந்தது. தருமபுரிக்கும் மொரப்பூருக்கும் நடுவே குறுகிய தண்டவாளத்தில் ஓடிய சின்ன ரயிலில் தருமபுரிக்காரர்கள் வந்து இறங்கினார்கள். மந்தையைச் சுற்றிலும் ஜனம். தோல்பந்து அம்மன் எதிரில் உருளலாமா என்று பூசாரி ஒரு சந்தேகத்தைக் கிளப்ப, மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டால் போயிற்று என்று பெரியப்பாவே வழி சொன்னார். பந்தின் மேல் தண்ணீர் தெளித்தார்கள். அதன் பிறகுதான் புளியமரத்தடியில் கேங்மேன் நிற்பதைப் பெரியப்பா பார்த்தார். மந்தையின் ஓரத்து அந்த மரம்தான் அவன் ஆட்களுக்கு எல்லை.

"அவன் எதுக்கு இங்க?"

"அவனும் ஆடறானுங்க" என்றேன்.

பெரியப்பா கையிலிருந்த தடியைத் தரையில் ஊன்றினார். அவருக்குப் பின்னால் தடியோடு நின்றவர்கள் நகர்ந்து முன்னால் வந்தார்கள்.

"பந்து பிஞ்சப்ப தச்சுக் குடுத்ததே அவந்தானுங்க, பெரீப்பா. அவன் தச்ச பந்து வரலாம், அவன் வரக்கூடாதா?"

"பந்துக்கு மஞ்சத்தண்ணி தெளிச்சாச்சு. ஆளுக்குத் தெளிக்க முடியுமாடா?"

யாரும் சிரிக்கவில்லை. புளியமரத்தடியில் அவன் கழற்றிய சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். ஓடிவிடவும் இல்லை, ஓர் அடி முன்னால் வைக்கவும் இல்லை. அவன் மேல் ஒரு கல் விழுந்தால் அதற்குக் காரணம் நான்தான்.

கிளார்க் பந்தை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மந்தைக்குப் பின்னால் இருந்த ஏரிக்கரையில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கிவிட்டார். ஏரி வற்றி, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மாடு மேய்ப்பவரும் மண் அள்ளுபவரும் என்று எல்லோரும் கால் வைக்கிற இடம். நான் கோல் மூங்கில்களைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே இறங்கினேன்.

"ஏரி என்ன உங்கப்பன் வூட்டுதாடா?" என்று பெரியப்பா கத்தினார்.

"சர்க்காருதுங்க!" என்று நானும் கத்தினேன். அவரை எதிர்த்து அப்படிக் கத்துவேன் என்று நானே நினைத்ததில்லை.

கேங்மேன் மந்தையை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான். எங்கள் ஆட்களில் நாலு பேர் மந்தையிலேயே நின்றுவிட்டார்கள். அவர்களுடைய அப்பாக்கள் அங்கே நின்றிருந்தார்கள், பாவம். தருமபுரிக்காரர்கள் கரைமேல் நின்று தங்களுக்குள் குசுகுசுவென்று பேசினார்கள். அவர்கள் திரும்பிப் போனால் எல்லாம் அன்றோடு முடிந்திருக்கும். கடைசியில் அவர்களுடைய கேப்டன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையிலிருந்து இறங்கினார். மற்றவர்களும் இறங்கினார்கள். பெரியப்பாவும் தடிக்காரர்களும் கரைமேல் வரிசையாக வந்து நின்றார்கள். ஊரே அவர்களுக்குப் பின்னால் நின்றது.

ஏழு பேரை வைத்துக்கொண்டு என்ன ஆட முடியும்? கோல் மேல் கோல் விழுந்தது. எனக்குப் பந்தின் மேல் கண்ணே நிற்கவில்லை, கரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது தருமபுரிக்காரன் ஒருவன் எல்லோரையும் தாண்டிப் பந்தோடு தனியாக என்னை நோக்கி வந்தான்.

"டேய், வெளிய வாடா!"

பழக்க தோஷம். ஊர்க்கவுண்டர் வீட்டுப் பிள்ளையைக் கேங்மேன் ஊர் கேட்க "டா" போட்டுக் கூப்பிட்டுவிட்டான். நான் பாய்ந்து பந்தின் மேல் விழுந்தேன். எழுந்து பார்த்தால் ஆட்டம் அப்படியே நின்றிருந்தது. கேங்மேன் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தான். தடிக்காரர்கள் கரையிலிருந்து பாதி இறங்கிவிட்டார்கள்.

"உன்னை அவன் என்னன்னுடா கூப்பிட்டான்?" பெரியப்பா தடியை நீட்டிக் கேட்டார்.

அவனுக்கும் தடிகளுக்கும் நடுவில் போய் நின்றேன்.

"கோல்கீப்பரைக் கூப்பிட்டானுங்க. நான் வரலைன்னா கோல் விழுந்திருக்கும்."

பெரியப்பா என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த பந்தைப் பார்த்தார். தருமபுரி கேப்டனுக்கு அந்த நேரத்தில்தானா அது தோன்ற வேண்டும்: "ஏனுங்க, பந்தைப் போடுங்க, ரயிலுக்கு நேரமாச்சு!" கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். பெரியப்பா காறித் துப்பிவிட்டுத் திரும்பி நடந்தார். அவரோடு தடிக்காரர்களும் போனார்கள். மற்ற ஜனம் கடைசிவரை நின்று, நாங்கள் படுதோல்வி அடைந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனது.

கிளப் ஆரம்பித்தது அன்றைக்குத்தான், அதற்குப் பிறகு ஏரியில்தான் ஆடினோம். ஆனால் அந்த வருஷம் முழுக்கக் கேங்மேன் அம்மாவை எங்கள் ஆட்கள் யாரும் காட்டு வேலைக்குக் கூப்பிடவில்லை. நான் ஏரியில் கத்திவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட்டேன். அவன் கேங் கூலி ஒன்றை வைத்து அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்த நாட்கள் குறைவு. அதற்கு அவன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏரிக்குள் "டா" போட்டான், கரை ஏறியதும் "வரேனுங்க" என்றான். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவமானமாக இருக்கும்.

யுத்தம் வந்தது. யுத்தத்துக்கு இரும்பு வேண்டுமென்று சின்ன ரயில் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள், அவனை ஜோலார்பேட்டைப் பக்கம் மாற்றினார்கள். வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போனேன். யாரையோ அழைத்துப் போகப் பெரியப்பாவும் வந்து பிளாட்பாரத்தில் நின்றிருந்தார். அவன் அவரைப் பார்த்தான். மூட்டையைத் தூக்கிக்கொண்டு தலையைக் குனிந்து, "போயிட்டு வரேனுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறிவிட்டான். கடைசி நாளிலும் "ங்க"தானா என்று எனக்கு வந்த கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வண்டி நகர்ந்தது. கொஞ்ச தூரம் போனதும் ஜன்னலில் அவன் தலை தெரிந்தது.

"டேய், கோலைப் பாத்துக்கடா!"

பிளாட்பாரம் முழுக்கக் கேட்டது. பெரியப்பா திரும்பி என்னைப் பார்த்தார். நான் அழுதுகொண்டே வண்டியோடு ஓடினேன். "பாத்துக்கறேண்டா!" என்று கத்தினேன். அவனுக்குக் கேட்டதோ இல்லையோ, பெரியப்பாவுக்குக் கேட்டது.