மாட்டுக்கொட்டிலில் என் முதல் வேஷம்

கிளிநொச்சிச் சந்தையில் என்னைக் காணுகிற சனம் முதலில் சிரித்துவிட்டுத்தான் பிறகு சுகம் விசாரிக்கும். கத்தரிக்காய் என்ன விலை என்று கேட்டாலும் சிரிப்பு. விலையைக் குறைக்கச் சொன்னால் இன்னும் பெரிய சிரிப்பு. குறைக்க மட்டும் மாட்டார்கள். போன வருடம் பல்லுப் பிடுங்கப் போனேன். வலியில் நான் வைத்த கூச்சலுக்கு வெளியே வாங்கில் காத்திருந்த ஆட்கள் கைதட்டினார்கள்.

பகிடி நடிகையாக இருப்பதால் வந்த வினை இது. சண்டைக்காரி, மாமியார், கலியாணத் தரகர் என்று, மேடையிலும் சனம் கைபேசியில் பார்க்கிற குறும்படங்களிலும் நான் போடாத வேஷம் இல்லை. என்னவரும் முதலில் என்னைப் படத்தில் பார்த்துத்தான் ஆசைப்பட்டவர். பாவம் மனிதர். கலியாணம் முடிந்த புதிதில், காலைத் தேத்தண்ணியோடு ஒரு பகிடியும் வரும் என்று கோப்பையைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நானோ வீட்டில் வாய் திறக்காத பிறவி. இப்போது பழகிவிட்டார். "வீட்டிலையும் இப்பிடித்தானோ?" என்று யாரும் கேட்டால், "ஐயோ, அதை ஏன் கேக்கிறியள்" என்று சொல்லித் தப்பிவிடுவார்.

அண்மையில் ஒரு பெண்பிள்ளை கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டி, "உங்களுக்கு நடிப்புச் சொல்லித் தந்த குரு ஆர் அக்கா?" என்று கேட்டாள்.

"சிவப்பி" என்றேன்.

"அவா எந்த இடம்?"

"மாங்குளம். எங்கடை வீட்டு மாடு."

பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சொன்னதோ அவ்வளவும் உண்மை.

அப்போது நான் நாலாம் வகுப்பு. சண்டை ஓய்ந்து பாதை திறந்து, மாங்குளம் சந்தியில் தேத்தண்ணிக் கடைகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்த காலம். வீட்டில் அப்பா, அம்மா, நான், அம்மாவின் தங்கையான சின்னம்மா. இவர்களோடு சிவப்பி. சிவப்பியின் பால் சந்தியில் ஒரு கடைக்குப் போகும். வயலில் வேலை இல்லாத மாதங்களில் எங்கள் குசினியில் அடுப்பெரிந்தது அந்தப் பாலால்தான்.

சிவப்பியைக் கறப்பது சின்னம்மா. அவர் கறக்கிற அழகைப் பார்ப்பதற்காகவே நான் விடிய எழும்பி ஓடுவேன். கை தன்பாட்டில் கறக்கும். வாய் தன்பாட்டில் மாட்டை ஏசும்.

"நில்லடி என்ரை சீமாட்டி! காலைத் தூக்கினியோ, இண்டைக்கே உன்னை வவுனியா பஸ்ஸில ஏத்தி விட்டிடுவன். அங்கை ரவுனில புல்லும் இல்லை, பூண்டும் இல்லை. சுவரில ஒட்டின பேப்பரைத்தான் திண்டு கிடக்கோணும். கண்ணைப் பார், கண்ணை! மாப்பிள்ளை பாக்க வந்த மாதிரி என்னடி வெக்கம்?"

சிவப்பி இதையெல்லாம் காதை ஆட்டி ஆட்டிக் கேட்டபடி வாளி நிறையப் பால் விடும்.

அந்தச் சின்னம்மா ஒருநாள் ஓடிப்போனார். எங்கள் வயலை உழ வந்த, துணுக்காய்ப் பக்கத்து உழவு மெசின்காரரோடு. வந்தவர் வயலை ஒழுங்காகத்தான் உழுதார். போகும்போது சின்னம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

வீடு செத்தவீடு மாதிரி ஆகிவிட்டது. அந்த மனிதரின் தாய் தகப்பன் மலையகத்திலிருந்து வந்து, காடு வெட்டி வயல் செய்தவர்கள். எங்கள் ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, காடு வெட்டி வயல் செய்தவர்கள். "அப்ப ரெண்டும் ஒண்டுதானேம்மா?" என்று கேட்டேன். பதிலுக்கு அம்மா என் முதுகில் ஒன்று வைத்தார். "இனி அவளின்ரை கதை இந்த வளவுக்குள்ள எடுக்கப்படாது" என்று அப்பாவுக்கும் எனக்கும் சேர்த்துச் சட்டம் போட்டார்.

தாய் தகப்பன் போன பிறகு சின்னம்மாவுக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டு, பள்ளிக்கூடம் அனுப்பி, பிள்ளை மாதிரி வளர்த்தவர் அம்மாதான். அவருடைய கோபம் மாப்பிள்ளையின் ஊர் மீதா, தன்னிடம் ஒரு சொல்லுச் சொல்லாமல் போனதன் மீதா என்று இப்போது யோசிக்கிறேன். அப்போது எனக்கிருந்த கவலை, இனி என்னோடு கல்லு வைத்துக் கொக்கான் வெட்டி விளையாட ஆள் இல்லையே என்பதுதான்.

அம்மாவின் சட்டத்தை நாங்கள் மதித்தோம். சிவப்பி மதிக்கவில்லை. அடுத்த நாளே பாலை ஒளித்துக்கொண்டது. அப்பா போய்க் குந்தினார். கன்றை விட்டுப் பார்த்தார், தடவிப் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். மடி கல்லு மாதிரி இருக்கிறது, வாளியின் அடிகூட நனையவில்லை. அம்மா போனார், ஒரு உதை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். கடைக்காரர் பால் எங்கே என்று ஆள் மேல் ஆளாக அனுப்பினார். கடைசியில் அப்பா ஒரு மாட்டு யாவாரியைக் கூட்டி வந்தார். அவன் சிவப்பியின் இடுப்பில் தட்டிப் பார்த்துவிட்டு, "கிழமை முடிய வந்து கொண்டுபோறன்" என்று சொல்லிப் போனான்.

சின்னம்மா போய்விட்டார். சிவப்பியும் போனால் அந்த வளவில் எனக்கு யார் இருக்கிறார்கள்?

மறுநாள் விடிய அம்மா குசினியில் நின்றார், அப்பா கிணற்றடியில் நின்றார். சின்னம்மா விட்டுவிட்டுப் போன பூப்போட்ட சட்டையை எடுத்து என் சட்டைக்கு மேலே மாட்டினேன். அது நிலத்தில் இழுபட்டது. கொட்டிலுக்குள் போய் இடுப்பில் கையை வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன்.

"நில்லடி என்ரை சீமாட்டி!"

சிவப்பியின் இரண்டு காதும் என் பக்கம் திரும்பின. எனக்குத் துணிவு வந்துவிட்டது.

"ஆரடி அவன் யாவாரி? உன்ரை இடுப்பில தட்டினவன்? நீயும் அவன்ரை இடுப்பில ஒண்டு போட்டிருக்கலாமே! பிறகென்னத்துக்கடி நாலு கால் வச்சிருக்கிறாய்?"

குசினியில் சட்டி விழுந்து உடைகிற சத்தம் கேட்டது. "வந்திட்டியேடி?" என்று கத்திக்கொண்டு அம்மா அகப்பையும் கையுமாக ஓடி வந்தார். கொட்டில் வாசலில் என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். அந்த முகத்தில் இருந்தது என்ன என்று எனக்குப் பிடிபடவில்லை. அடிதான் விழப்போகிறது என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். ஆனால் வாய் நிற்கவில்லை, அது பாட்டுக்கு மாட்டை ஏசிக்கொண்டே இருந்தது. அடி விழவில்லை. தலை துவட்டாமல் ஓடிவந்த அப்பாவின் குரல்தான் கேட்டது.

"இஞ்சை பாருங்கோ, மடி இளகிட்டுது! நிப்பாட்டாதை பிள்ளை! கதை, கதை!"

அன்றிலிருந்து அது என் தொழில். பள்ளிக்கூடத்துக்கு முன் ஒரு காட்சி, பின்னேரம் ஒரு காட்சி. நான் ஏசுவேன், அப்பா கறப்பார். யாவாரி வந்தபோது அப்பா நிறைந்த வாளியைக் காட்டி அவனைத் திருப்பி அனுப்பினார். அம்மா தன் சட்டத்தை மாற்றவில்லை. ஆனால் காட்சி தொடங்குகிற நேரம் பார்த்து, அரிசி புடைக்கிற சாட்டில் சுளகோடு வந்து கொட்டில் வாசலில் குந்திக்கொள்வார். புடைத்த அரிசியையே திரும்பத் திரும்பப் புடைப்பார்.

ஒருநாள் சுளகை விட்டுக் கண்ணை எடுக்காமல், "அங்கை ஒழுங்காச் சாப்பிடுறாளாமோ?" என்றார்.

யாரைக் கேட்கிறார்? அப்பா என்னைப் பார்த்தார். நான் சின்னம்மாவின் குரலிலேயே எடுத்துவிட்டேன்.

"ஏன் சாப்பிடாமல் அக்கா? அங்கை ரொட்டி சுடுகினம். ஒவ்வொண்டும் உழவு மெசின்ரை சில்லளவு!"

அப்பா சிரித்த சிரிப்பில் வாளி சரியப் பார்த்தது. அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார்; ஆனால் சுளகு குலுங்கியது. கடவுளே, அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன்! ஒரு பெரிய மனிதர் சிரிக்கக்கூடாது என்று பிடிவாதம் பிடித்துக்கொண்டிருக்க, அவரைச் சிரிக்க வைப்பதில் இருக்கிற ருசி அன்றைக்குத்தான் என் நாக்கில் பட்டது. அது இன்றைக்கும் போகவில்லை.

அதற்குப் பிறகு தினமும் அம்மாவுக்கும் சின்னம்மாவான எனக்கும் சண்டை.

"ஏன்டி எனக்குச் சொல்லாமல் போனனீ?"

"சொன்னால் விட்டிருப்பியே அக்கா?"

"உனக்கு நான் என்ன குறை வச்சனான்?"

"ஒரு குறையும் இல்லை. உன்ரை ரசத்தில உப்பு மட்டும்தான் குறை."

இந்தப் பதில்களெல்லாம் எங்கேயிருந்து வந்தன என்று எனக்கே தெரியாது. பாதி, சின்னம்மா எப்போதோ முணுமுணுத்தவை. மீதி, அப்பாவைச் சிரிக்க வைப்பதற்காக நானே கட்டிவிட்டவை. சில பதில்களுக்கு அம்மா பேசாமல் இருந்துவிடுவார். அடுத்த கேள்வி அவருக்கு மறந்துவிட்டது என்று நினைத்து, நான் மாட்டை ஏசி இடைவெளியை நிரப்புவேன்.

பிறகொரு காலை அம்மா சுளகைக் கீழே வைத்தார். "வா எண்டு ஆளிட்டச் சொல்லிவிட்டால் வருவியோ?" என்றார்.

அப்பாவின் கை நின்றுவிட்டது. வருவேன் என்று சொன்னால் சின்னம்மா வந்துவிடுவார், என் ஆட்டம் அதோடு சரி. பாலும் பாதிதான் இறங்கியிருந்தது. சின்னம்மா கோபித்தால் எப்படித் தலையை வெட்டுவாரோ அப்படி ஒரு வெட்டு வெட்டினேன்.

"ஆளிட்டச் சொல்லிவிட்டால் வர நான் ஆர்? வேணுமெண்டால் நீ வந்து கூப்பிடு!"

அப்பா சிரிக்கவில்லை. அம்மா எழும்பி உள்ளே போய்விட்டார். சுளகில் இருந்த அரிசியைக் கோழிகள் முடித்தன.

அடுத்த நாள் அம்மா கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு துணுக்காய் பஸ் ஏறினார். எங்கே போகிறார் என்று அப்பா சொன்னதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் சின்னம்மாவின் சட்டையைப் போட்டு, அவரைப் போல நடித்து நக்கலடிக்கிறேன் என்று கோள்சொல்லத்தான் போகிறார்! சட்டையை வைக்கோல் போருக்குள் ஒளித்து வைத்தேன். பின்னேரம் படலை திறக்கிற சத்தம் கேட்டதும் ஓடிப்போய்ச் சிவப்பியின் பின்னால் ஒளிந்தேன்.

இரண்டு பேரும் நேரே கொட்டிலுக்குத்தான் வந்தார்கள். சின்னம்மா சேலை கட்டி, கழுத்தில் தாலியோடு, பெரிய பொம்பிளை மாதிரி இருந்தார். வாளியை எடுத்து வைத்துக் குந்தி, "என்னடி சிவப்பி, சுகமோ?" என்றார். குரல் தழுதழுத்தது. சிவப்பிக்கு இந்தத் தழுதழுப்பு பழக்கமில்லை. புதுச் சேலையை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒரு சொட்டுப் பால் இல்லை.

"அது இப்ப வேற ஆளிட்டப் பழகிட்டுது" என்று அப்பா என் காதைப் பிடித்து வெளியே இழுத்தார். "செய்து காட்டு பிள்ளை."

இத்தனை வருடத்தில் எத்தனையோ மேடை ஏறிவிட்டேன். அன்றைக்குப் பயந்த மாதிரி வேறெங்கும் நான் பயப்படவில்லை. ஆளுக்கு முன்னாலேயே ஆளின் வேஷம்! "நில்லடி... சீமாட்டி" என்றேன். குரல் கீச்சென்று வந்தது. சின்னம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. வருவது வரட்டும் என்று துணிந்துவிட்டேன்.

"ஆரடி இவா, பட்டுச்சீலை கட்டிக்கொண்டு பால் கறக்க வந்திருக்கிறா? உழவு மெசினைக் கட்டினால் மாட்டை மறந்துபோமோ? கேளடி சிவப்பி!"

சின்னம்மா சிரித்த சிரிப்பில் சாணிக்குள் போய்க் குந்திவிட்டார். தூக்கிவிடப் போன அம்மாவும் அவருக்குப் பக்கத்திலேயே விழுந்தார். இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துச் சிரித்தார்கள். சிரிப்பு நடுவில் எப்படியோ அழுகையாக மாறிவிட்டது. சின்னம்மா "அக்கா, அக்கா" என்று விக்கினார். அந்தப் பக்கம் அப்பா வாளி நிறையக் கறந்துகொண்டிருந்தார். என் நடிப்பு கடைசியில் பிழையாகிவிட்டது, அதனால்தான் அழுகிறார்கள் என்று நினைத்து, அடுத்த நாளைக்கு இன்னும் இரண்டு பகிடி யோசித்து வைத்தேன்.

போன மாதம் துணுக்காயில் சின்னம்மா வீட்டில் எல்லாருக்கும் சாப்பாடு. கூப்பிட வந்த அன்றைக்கு அம்மா என்ன சொன்னார் என்று இத்தனை காலத்துக்குப் பிறகு சின்னம்மாவிடம் கேட்டேன். "விசர்க் கதையை விடுங்கோடி" என்றார் பக்கத்தில் இருந்த அம்மா. சின்னம்மா விடவில்லை.

"அக்கா படலைக்கு வெளியில நிண்டு, உள்ளுக்கும் வராமல், 'நீதானே வந்து கூப்பிடச் சொன்னனீ, வந்திருக்கிறன், வெளிக்கிடு' எண்டா. எனக்கு ஒண்டுமே விளங்கேல்லை. வெளிக்கிட்டு வந்த நாளில இருந்து நான் அக்காவோட ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. எப்ப சொன்னன், ஆரிட்டச் சொன்னன்? ஆனால் கேட்டால் திரும்பிப் போயிடுவாவோ எண்டு பயம். 'ஓமக்கா, சொன்னனான்' எண்டு சொல்லிப்போட்டுச் சீலை மாத்த ஓடினன்."

அம்மா சின்னம்மாவின் தட்டில் குறைந்திருந்த சோற்றைப் பார்த்து, இன்னும் ஒரு அகப்பை அள்ளிப் போட்டார்.

அந்தக் காலை கொட்டில் வாசலில் குந்தியிருந்து "வருவியோ" என்று அம்மா யாரைக் கேட்டார் என்றோ, அந்தப் பதிலுக்காக எத்தனை நாள் காத்திருந்தார் என்றோ எனக்குத் தெரியாது. பால் பாதிதான் இறங்கியிருந்தது. நான் வாளியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.