சீஸ் போடாத கொத்து

பொத்துவிலில் இருந்து வந்த பஸ்ஸை விட்டிறங்கி, கல்முனையில் எங்கள் கடைக்குள் வந்தாள் அந்த வெள்ளைக்காரப் பெண். வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. எதையும் கரண்டியால் ஒருமுறை கிளறிப் பார்த்துத்தான் தின்பாள் போல. மாட்டிறைச்சிக் கொத்து ரொட்டியையும் அப்படிக் கிளறியவள், தட்டைத் தள்ளி வைத்தாள்.

“வெளிநாட்டு ஆள் எண்டு சீஸ் கூடப் போட்டனே, காக்கா!” என்றான் கொத்துப் போடும் என் தம்பி.

“ஹறாமா?” என்று கேட்டேன். அந்தச் சொல் அவளுக்குத் தெரிந்திருந்தது, சிரித்தாள்.

தான் யூதப் பெண், ஆனால் கடவுளை நம்புவதில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அக்காவோ மார்க்கத்தில் உறுதியானவள். தங்கையான இவள் வீட்டில் எதையும் தின்ன மாட்டாளாம்.

“எங்களில் இறைச்சியோடு பால் சேரக் கூடாது. மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். அக்காவும் நானும் ஒன்றுபோலச் செய்வது இது மட்டும்தான் மிச்சம்.”

அதைத் தம்பிக்குச் சொன்னேன். தொழப் பள்ளிவாசல் பக்கமே போகாத அவன், கொத்துப் போடும் தகட்டைத் தேய்த்துக் கழுவினான். பிறகு மறுபடியும் கழுவினான்.

“ஒருக்காக் கழுவினாக் காணாதாடா?”

“அவட ராத்தா பாத்துக்கிட்டு நிக்கிறா எண்டு நினைங்க, காக்கா.”

புதிய கொத்தையும் அவள் கிளறிப் பார்த்தாள். பிறகு ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்றாள்.

மஃரிப் தொழுகைக்குப் பாங்கு ஒலித்தது. தொழ வருவதில்லை என்ற கோபத்தில், தம்பியோடு ஒரே சஹன் தட்டில் கைவைத்துச் சாப்பிடுவதை நான் நிறுத்தி வருடக்கணக்காகிறது. தொழுதுவிட்டு வந்தபோது அவள் போய்விட்டிருந்தாள். அவள் இருந்த கதிரையில் உட்கார்ந்தேன்.

“ஒரு கொத்துப் போடுடா,” என்றேன். “ரெண்டு பேருக்கும்.”