புளி குடித்த பெட்ரோல் டாங்கி

எங்காத்துக்காரர் கௌரிசங்கர் ஊமை இல்லை. ஆனா அந்த வருஷம் பார்த்தவா அப்படித்தான் நினைச்சிருப்பா. கல்யாணத்துக்கு முன்னாலேர்ந்து வேலை பார்த்த பைக் ஃபாக்டரியை இழுத்து மூடிட்டா. அன்னைக்கு சாயங்காலம் டிபன் பாக்ஸைக் கொண்டுவந்து வெச்சவர், அதோட வாயையும் மூடிண்டார். அக்ரஹாரத்துல யாராவது கன்னடத்துல "சென்னாகிதீரா சார்?"னு சௌக்கியம் விசாரிச்சா ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். ஆத்துலயும் அதே கதை.

எனக்கு பயம் வந்துடுத்து. என் ரசத்துல குத்தம் சொல்லாம இலையை விட்டு எழுந்த மனுஷனே இல்லை இவர். ஒருநாள் வேணும்னே உப்பே போடாம ஊத்தினேன். வாயைத் திறக்கணுமே! மடமடன்னு சாப்பிட்டுட்டு கையலம்பப் போயிட்டார். நான் சமையலறையில உட்கார்ந்து அழுதேன்.

தசரா வந்தது. வாசல்ல இவரோட பழைய பைக், பெட்ரோல் டாங்கிக்கு மூடி தொலைஞ்சு, வாயில கந்தலை அடைச்சுண்டு, மழையெல்லாம் குடிச்சு நின்னுண்டிருந்தது.

"ஏன்னா, ஓடாத வண்டிக்கு நான் ஆயுத பூஜை பண்ணமாட்டேன். ஓட்டுங்கோ, இல்லேன்னா பழைய இரும்புக்காரனைக் கூப்பிடறேன்!"னு கத்தினேன்.

மறுநாள் காலம்பற ஸ்பானர் சத்தம் கேட்டுது. எனக்குப் பாதி உசிர் வந்தது.

டாங்கியைக் கழட்டி, ஜல்லியும் சோப்புத் தண்ணியும் போட்டு, போர்வையில சுத்தி ஆட்டு ஆட்டுன்னு ஆட்டினார். செங்கல் கரைச்ச மாதிரி தண்ணி வந்தது. ஆனா மூலைத் துரு போகலை. எல்லாத்தையும் கிணத்தடியில கொட்டிட்டு, டாங்கியையும் அங்கேயே போட்டுட்டு உள்ளே வந்து படுத்துட்டார்.

இதையும் விட்டுட்டா மனுஷன் எழுந்துக்கவே மாட்டாரே! நான் அப்போ பூஜை விளக்கெல்லாம் புளி போட்டுத் தேய்ச்சிண்டிருந்தேன். பித்தளைக்கு ஆகறது தகரத்துக்கு ஆகாதா என்ன? ஆத்துல இருந்த புளி மொத்தத்தையும் வெந்நீர்ல கரைச்சு டாங்கியில ஊத்தி, வாயைத் துணியால இறுக்கிட்டேன்.

மறுநாள் இவர் போய் டாங்கியோட குழாயைத் திறந்து பார்த்திருக்கார். ரெண்டு சொட்டு வந்து நின்னுபோச்சு.

"அன்னபூர்ணீ!"

வீடே அதிர்ந்தது.

"பெட்ரோல் டாங்கியில புளியைக் கொட்டுவாளா ஒருத்தி? கொட்டினதுதான் கொட்டினே, வடிகட்டப்படாதா? கோதும் கொட்டையும் குழாயை அடைச்சுண்டிருக்கு! இத்தனை வருஷமா ரசம் வெக்கறியே, இதுகூடவா தெரியலை?"

காலேஜுக்குக் கிளம்பின எங்க பொண்ணு சைத்ரா செருப்போட உள்ளே ஓடிவந்துட்டா. எனக்கு அழுகை முட்டிண்டு வந்தது. அதுக்காக விட்டுக்கொடுப்பேனா?

"துரு போச்சா இல்லையா, அதைச் சொல்லுங்கோ!"

புளித்தண்ணியைக் கவுத்துட்டு, டார்ச் அடிச்சு உள்ளே பார்த்தார். வெள்ளியாட்டம் பளபளங்கறது. "ஏதோ போயிருக்கு"ன்னு முனகினார். அப்புறம் கம்பியால கோதை எடுத்தார், மண்ணெண்ணெய் விட்டு அலசினார், வெயில்ல காயவெச்சார். ஈரம் இருந்தா மறுபடி துரு பிடிக்கும்னு சைத்ராவுக்குப் பாடம் வேற. வாய் ஓயவே இல்லை! நான் விளக்கு தேய்க்கறதை விட்டுட்டு அதையே கேட்டுண்டு நின்னேன்.

ஆயுத பூஜையன்னைக்குக் குங்குமமும் மாலையுமா வண்டி புகை விட்டுண்டு கிளம்பித்து. எலுமிச்சம்பழத்தை நசுக்கிண்டு தெருவை ஒரு சுத்து சுத்திட்டு வந்து இலைக்கு முன்னால உட்கார்ந்தார். ரசம் ஊத்தினேன். ஒரு வாய் சாப்பிட்டார். மூஞ்சி சுருங்கித்து.

"புளியே இல்லையே. எல்லாத்தையும் டாங்கிக்கே ஊத்திட்டியா?"

"ஆமாம், இன்னும் திட்டுங்கோ"ன்னு சொல்லிண்டே, இன்னொரு கரண்டி ஊத்தினேன்.