மரக்காலையில் எடுக்காத படம்

இந்தக் குளிர்தேசத்துக்கு வந்த புதிதில் நாங்கள் மரம் அரிந்த மரக்காலைக்கு வரலாறு எழுதுகிறார்கள். அது மூடிப் பல வருடங்களாகிவிட்டன. முதலாளியின் மகன் ஒரு சிறு புத்தகம் போடப் போகிறானாம். பழைய தொழிலாளர்களின் படம் இருந்தால் தரும்படி எனக்கு எழுதியிருந்தான். தன்னிடம் இருந்தவற்றையும் அனுப்பியிருந்தான்: மரக்குற்றிகள் ஏற்றி வரும் குட்டி ரயில், தண்டவாளத்தில் கைகட்டி நிற்கும் வெள்ளைக்காரர்கள், தொப்பியோடு முதலாளி. எங்கள் காலத்தில் அந்தத் தண்டவாளம் புல்லுக்குள் கிடந்தது. ரயில் நின்ற பிறகு லொறியில் வந்த குற்றிகளை இறக்கியதும் அரிந்ததும் பெரும்பாலும் நாங்கள் பத்துப் பன்னிரண்டு தமிழர்கள்தான்.

செய்தியைப் பக்கத்து நகரமான அஜக்ஸில் இருக்கும் அண்ணையிடம் சொன்னேன். உறவில்லை, சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் குடியிருப்பில் என்னோடு ஒரே அறையில் படுத்து, மரக்காலையில் மரம் அரியும் ஒரே வாளில் நின்றவர். தான் செய்த வேலையைப் பேரப்பிள்ளைகள் நம்புவதில்லை என்பது அவருடைய நெடுநாள் குறை. புத்தகத்தில் வந்தால் நம்புவார்கள் என்று சந்தோஷப்பட்டார். படம் கட்டாயம் வரும் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். எனக்கு எப்போதும் வாய்தான் முந்தும்.

ரூஜில் என் வீட்டு நிலக்கீழ் அறையில் அல்பங்களை இறக்கினேன். அந்நாளில் கமரா வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். ஒரு படத்தில்கூட மரக்காலை இல்லை. எல்லாவற்றிலும் கார்த் தரிப்பிடம், யாரோ ஒருவரின் கார், அதன்மேல் ஒரு கை, இரவல் கோட்டு. குளித்து, தலையில் மரத்தூள் இல்லாமல் சீவி வந்தால்தான் நான் படமெடுப்பேன். ஊருக்கு அனுப்புகிற படமல்லவா. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம் என்பார்கள். இங்கே எறிய வைத்தவனே நான். வெட்கமாக இருந்தது.

ஒன்றை அனுப்பிப் பார்த்தேன். அழகான படம், ஆனால் மரக்காலையைக் காணவில்லையே என்று முதலாளியின் மகன் மரியாதையாக எழுதினான். கோபம் வந்தது. அவன் சொன்னது சரி என்பதால் இன்னும் வந்தது.

அதே படத்தோடு அஜக்ஸ் போனேன். அதில் அண்ணை யாருடைய நீலக் காரிலோ சாய்ந்து சிரிக்கிறார். வலக்கை கோட்டுப் பைக்குள். இரண்டு மாதத்துக்கு முன்புதான் வாள் அந்தக் கையில் இரண்டு விரல்களை எடுத்திருந்தது. மனைவி பார்த்தால் அழுவா, பைக்குள் விடுங்கோ என்று சொன்னவனும் நான்தான்.

அண்ணை படத்தை நெடுநேரம் பார்த்தார். "அண்டைக்கு வீட்டுக்குத் தெரியக்கூடாது எண்டு ஒளிச்சம்," என்றார். "இப்ப ஒருத்தருக்கும் தெரியாமல் போச்சு."

மன்னிப்புக் கேட்டேன். அவர் வலக்கையை மேசையில் விரித்து வைத்தார்.

"போனை எடு. இதைப் படமெடுத்து அவனுக்கு அனுப்பு."

முகமும் சேர்த்து எடுக்கட்டோ என்று கேட்டேன்.

"வேண்டாம். முகத்தை நீ அண்டைக்கே வடிவா எடுத்தனிதானே."