கானாவும் ஒரு தகரத்துண்டும்

பேத்தி கொழும்பிலிருந்து ஒரு சாக்லேட் கொண்டுவந்தாள். உறையில் கானா நாட்டுக் கொக்கோ என்று அச்சடித்திருந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. "இந்தக் கருமத்த அங்கிட்டு வையி" என்றுவிட்டேன். பாவம், பிள்ளையின் முகம் சுண்டிப்போனது. அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். ஹட்டனில் படித்துக்கொண்டிருந்தேன். பள்ளி மாணவர் படையில், கெடேட் என்போம், நான் கோப்ரல். காக்கி உடுப்புக்கு அம்மா சோற்றுக்கஞ்சி போட்டுத் தருவாள். ஒல்லிப்பிச்சான் நான், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் நடந்தால் சட்டை முன்னே போகும், நான் பின்னால் போவேன். ஆனால் தொண்டை மட்டும் பெரிசு. அணிவகுப்பில் நான் கத்தினால் எதிர்மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அந்த வருடம் ஒரு பரிமாற்றப் பயணம். இங்கிருந்து ஆறு கெடேட் பையன்கள் கானாவுக்கு, அங்கிருந்து ஆறு பேர் இங்கே. ஆறில் ஒருவன் நான்! லயமே கூடிவிட்டது. "கானா ராமேஸ்வரத்துக்கு அங்கிட்டா, இங்கிட்டா?" என்றார் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த மாமா. அம்மா டவுனில் முஸ்லிம் நானா கடைக்கு ஓடிப்போய்க் கம்பளிச் சட்டை வாங்கிவந்தாள்.

"அது வெயில் ஊரும்மா."

"எந்த ஊரா இருந்தாலும் வெள்ளன குளிராதாடா?"

டயகம மலைக்குளிரில் பிறந்தவளிடம் குளிராத ஊரும் உண்டு என்று சொல்லி நம்பவைக்க என்னால் முடியவில்லை.

பாஸ்போர்ட் வேண்டும். அதற்குக் குடியுரிமை வேண்டும். அதற்கு அப்பா இந்த மண்ணில்தான் பிறந்தார் என்று காகிதம் காட்ட வேண்டும். சுதந்திரம் வந்த கையோடு எங்கள் தோட்டத்துச் சனத்தின் குடியுரிமையைப் பறிக்கவென்றே செய்த சட்டம், நாசமாய்ப் போக! அப்பா பிறந்த காலத்தில் எங்கள் தோட்டத்தில் பிறப்பை யார் எழுதிவைத்தார்கள்? வேலைக்குப் பேர் பதிந்தால்தான் ஆள் இருப்பதாகவே கணக்கு.

அப்பா கலங்கவில்லை. "என்கிட்ட அத்தாட்சி இருக்குடா." சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு துணிமுடிச்சை எடுத்தார். தாத்தா இந்தியாவிலிருந்து கப்பலேறியபோது, எந்தத் தோட்டத்து ஆள் என்று எண் அடித்துக் கழுத்தில் கட்டிவிட்ட தகரத்துண்டு. சாம்பல் போட்டுப் பளபளவென்று விளக்கினார்.

நுவரெலியாவில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் அதை அதிகாரியின் மேசையில் வைத்தார். "பாருங்க மஹத்தயா. எங்கப்பா இதக் கட்டிக்கிட்டுதான் வந்தாரு. நாங்க நேத்து வந்தவங்க இல்ல."

அதிகாரி தகரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரித்தார். "வந்தவங்கதானே, அத நீங்களே சொல்றீங்க" என்று சிங்களத்தில் சொல்லி, இந்திய வம்சம் என்று எழுதி, தகரத்தையும் பைலுக்குள் போட்டுக் கட்டினார்.

"அதையாச்சும் குடுத்துருங்க மஹத்தயா." அப்பா கும்பிட்டார். கொடுக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் நான் அப்பாவிடம் கத்தினேன். "ஒங்களாலதான் எல்லாம் கெட்டுச்சு! அத யாரு காட்டச் சொன்னா?" அந்த அதிகாரியிடம் கத்த வேண்டியதை அவரிடம் கத்தினேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்றைக்கும் என்மேல் எனக்கு அருவருப்பு.

என் இடத்தில் வேறொருவன் போனான். கானாப் பையன்கள் வந்தபோது மரியாதை அணிவகுப்புக்குக் கட்டளை கொடுத்தது என் பெருந்தொண்டை. நீ ஏன் வரவில்லை என்று ஒருவன் கேட்டான். காய்ச்சல் என்றேன்.

அப்பா நாடில்லாதவராகவே செத்தார். பின்னாளில் எனக்குக் குடியுரிமை வந்தது, பாஸ்போர்ட்டும் வந்தது. லயத்தை இடித்தாயிற்று. கம்பளிச் சட்டை யாரிடம் போனதோ. போன மாதம் கச்சேரிக்குப் போய் அந்தப் பைலைக் கேட்டேன். பழையதையெல்லாம் எப்போதோ எரித்துவிட்டார்களாம்.

"உள்ள என்ன சாமான் இருந்திச்சு ஐயா?" என்றாள் அங்கிருந்த பெண்.

"ஒண்ணுமில்லம்மா, ஒரு தகரம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் அப்படிச் சொன்னது அப்பா காதில் விழுந்திருந்தால் என்னைச் செருப்பால் அடித்திருப்பார்.