அம்பின் வேகம் சொன்ன ரேடார் டப்பா

இன்று காலை கோட்டுச்சேரித் தோப்பில் என் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் பந்தயம். இருவரும் வில் பழகுகிறவர்கள். யாருடைய அம்பு மெதுவாகப் போகிறதோ, அவர் இரண்டு கிலோ மத்தி மீனை ஆய வேண்டும்.

வேகம் அளக்க மாப்பிள்ளை ஒரு ரேடார் டப்பா வாங்கியிருந்தார். வில்லுக்குக் கீழே வைத்தால், அம்பு நொடிக்கு எத்தனை அடி போனது என்று காட்டும்.

அவர் எய்தார். 251, 248, 253.

மகள் முறை வந்தது. "உனக்கு வேர்க்குதே" என்று மாப்பிள்ளை மேசை ஃபேனை அவள் பக்கம் திருப்பிவிட்டார்.

95. மறுபடி 95. மறுபடியும் 95.

"காக்கா இதைவிட வேகமாப் பறக்கும்டி. போ, அருவாமனையை எடு!" என்று மாப்பிள்ளை சிரித்தார்.

மகளுக்கு முகம் சுண்டிவிட்டது.

எனக்கு எழுத்து தெரியாது. இதையே நான் சொல்லச் சொல்ல போன்தான் எழுதுகிறது. ஆனால் எண் தெரியும், பார்த்தால் மறக்காது. அவருடைய மூன்று அம்பும் மூன்று விதம். இவளுடையது மட்டும் அச்சடித்த மாதிரியா?

"செல்வி, வில்லைக் கீழ வையி. மாப்ள, இப்ப டப்பாவைப் பாருங்க."

யாரும் எய்யவில்லை. 95 என்றது.

அது இவ்வளவு நேரம் ஃபேன் இறக்கையை அளந்திருக்கிறது.

"எப்ப மாமா கண்டுபிடிச்சீங்க?"

"ரெண்டாவது தடவையே."

"அப்பவே சொல்ல வேண்டியதுதானே?"

"அவ்வளவு சந்தோஷமா சிரிச்சீங்க மாப்ள, கெடுக்க மனசு வரலை."

ஃபேனை நிறுத்தி மகள் மறுபடி எய்தாள். 261, 259, 262.

மாப்பிள்ளையைக் கிண்டல் செய்ய நினைப்பவர்கள் இப்போதே கீழே எழுதிவிடுங்கள். கையெல்லாம் செதில், அவரால் போனைத் தொட முடியாது.